12:43-க்கும் 3 மணிக்கும் நடுவே: நடாஷா ரிச்சர்ட்சன் தலைக்காயம், ஒரு நிகழ்வு ஆய்வு

2009 மார்ச் 16, திங்கட்கிழமை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மான்ட் ட்ரம்ப்ளாண்ட் என்ற பனிச்சறுக்கு மலை. பிரிட்டிஷ் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன், வயது 45, பயிற்சியாளர் ஒருவரோடு தொடக்கநிலைச் சரிவில் பழகிக்கொண்டிருந்தபோது கீழே விழுந்தார். வேகமான விழுகை இல்லை, யார் மீதும் மோதவில்லை. ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. எழுந்தார், பேசினார், வெளியே காயம் எதுவும் தெரியவில்லை. மார்ச் 18 அன்று நியூயார்க்கின் லெனாக்ஸ் ஹில் மருத்துவமனையில் இறந்தார். தலையில் பட்ட அடியால் மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் இடையில் ரத்தம் கட்டியதே காரணம், இது விபத்து என்று நியூயார்க் நகரப் பிணக்கூறாய்வு அலுவலகம் மறுநாள் அறிவித்தது. மருத்துவத்தில் இதை எபிடியூரல் ஹெமடோமா என்பார்கள்.

தலைக்காயம் பற்றி வகுப்பெடுப்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் நிகழ்வு இது. பெரும்பாலும் ‘ஹெல்மெட் போடுங்கள்’ என்பதோடு பாடம் முடிந்துவிடும். ஹெல்மெட் போட வேண்டியதுதான், அதில் விவாதம் இல்லை. ஆனால் அவசர சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இந்த நிகழ்வில் வேறொரு பாடம் இருக்கிறது. நினைவுநிலையை அளக்க வேண்டிய நேரத்தில் அளக்க யாரும் பக்கத்தில் இல்லை. நினைவுநிலை என்பது ஒரு தடவை பார்த்து எழுதிவிடும் எண் இல்லை. இரண்டு தடவை பார்த்து, நடுவில் எவ்வளவு நேரம் போயிருக்கிறது என்றும் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வருகிறது. இங்கே முதல் எண்ணே எடுக்கப்படவில்லை.

முதலில் நேரக்கணக்கு. ஆம்புலன்ஸ் நிறுவனத்தின் பதிவுகள் அப்போதே கனடியப் பத்திரிகைகளில் வந்துவிட்டன. முதல் அழைப்பு பகல் 12:43-க்கு. வண்டி சுமார் 1 மணிக்கு மலையடிவாரம் வந்தது. தேவையில்லை என்று சொல்லப்பட்டது. பாராமெடிக்குகள் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, வண்டி திரும்பிவிட்டது. பனிச்சறுக்குக் காவலர்கள் அவரைக் கீழே கொண்டுவந்து விட்டு, மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். பயிற்சியாளர் ஓட்டல் வரை கூடவே போனார், அங்கேயும் அதே அறிவுரை. இரண்டாவது அழைப்பு சுமார் 3 மணிக்கு, ஓட்டலிலிருந்து. பத்து நிமிடத்துக்குள் வண்டி வந்துவிட்டது. அறையில் ஏறத்தாழ அரை மணி நேரம் கவனித்த பிறகு, 40 நிமிடப் பயணத்தில் இருந்த சான்ட் அகாத் நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து மான்ட்ரியாலின் சாக்ரே கேர் மருத்துவமனைக்கு. மறுநாள் விமானத்தில் நியூயார்க்.

ஓய்வு விடுதி வெளியிட்ட அறிக்கை, விழுந்து ‘சுமார் ஒரு மணி நேரம்’ கழித்து அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது என்கிறது. ஆம்புலன்ஸ் பதிவோ இரண்டு அழைப்புகளுக்கு நடுவே இரண்டேகால் மணி நேரம் காட்டுகிறது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கலாம். ஒரு மணி நேரத்தில் தலைவலி தொடங்கியிருக்கலாம், படுத்துப் பார்க்கலாம் என்று நினைத்திருக்கலாம், தாங்க முடியாமல் போனபோது மூன்று மணி ஆகியிருக்கலாம். எந்த மருத்துவமனையிலும் வாரத்துக்கு ஒருமுறை கேட்கிற கதைதான் இது. மாத்திரை ஒன்று போட்டுப் படுத்தார், அப்புறம் எழுப்பினால் உளறுகிறார் என்று கூட்டிவருவார்கள்.

அவருடைய மருத்துவக் குறிப்புகள் குடும்பத்தின் அந்தரங்கம். ஆகவே இந்த மணிக்கு இவருக்கு இத்தனை மதிப்பெண் என்று நான் எதையும் அவர் மேல் ஒட்டப் போவதில்லை. நோயின் போக்கும் நேரக்கணக்கும் தெரிந்தவை. அவற்றை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன பார்த்திருக்க வேண்டும் என்று மட்டும் பார்ப்போம்.

தெளிவாக இருந்தது எப்படி?

காதுக்கு முன்னால், நெற்றிப் பொட்டுக்குச் சற்றுப் பின்னால், மண்டையோடு மெல்லியது. அதன் உட்புறத்தில் ஒட்டினாற்போல ஒரு தமனி ஓடுகிறது, நடு மெனின்ஜியல் தமனி. எலும்பில் விரிசல் விழும்போது தமனியும் கிழிந்தால், தமனிக்குரிய அழுத்தத்தோடு ரத்தம் பீறிட்டு, எலும்போடு ஒட்டியிருக்கும் டியூரா என்ற மூளை உறையை உரித்துக்கொண்டே பரவும். சிடி ஸ்கேனில் இது குவி வில்லை வடிவத்தில் வெள்ளையாகத் தெரியும். ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

மண்டையோடு விரியாத பெட்டி. உள்ளே மூளை, ரத்தம், மூளைத்தண்டுவடத் திரவம் மூன்றும் இருக்கின்றன. புதிதாக ஒன்று நுழைந்தால் ஏற்கெனவே இருப்பதில் ஏதாவது வெளியேற வேண்டும். முதலில் தண்டுவடத் திரவம் கீழே இறங்கும், சிரை ரத்தம் வெளியே தள்ளப்படும். இந்த இடம்விடுதல் நடக்கும் வரை அழுத்தம் பெரிதாக ஏறாது. ஆள் பேசுவார், சிரிப்பார், போனில் யாரையாவது கூப்பிடுவார். பனியில் விழுந்துவிட்டேன் என்று மனைவி லேசாகச் சொன்னதாக, கணவர் லியம் நீசன் 2014-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் நினைவுகூர்ந்திருக்கிறார். இடம்விட இனி எதுவும் இல்லை என்ற நிலை வந்ததும் அழுத்தம் செங்குத்தாக ஏறும். அந்தக் கட்டத்தில் கூடுதலாகச் சேரும் சில மில்லிலிட்டர் ரத்தம்கூட ஆளைப் படுக்க வைத்துவிடும்.

பேசிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தைத்தான் தெளிவு இடைவேளை என்கிறோம். பாடப்புத்தகத்தில் அடிபட்டதும் மயக்கம், பிறகு தெளிவு, பிறகு மறுபடி மயக்கம் என்று மூன்று படியாக எழுதியிருக்கும். எபிடியூரல் ரத்தக்கட்டு வந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூட அப்படி அச்சுப் பிசகாமல் வருவதில்லை. முதல் மயக்கமே இல்லாமல் இருக்கலாம், ரிச்சர்ட்சன் விஷயத்தில் அப்படித்தான் தெரிகிறது. ‘மயங்கினாரா?’ என்று கேட்டு, ‘இல்லை’ என்ற பதிலோடு திருப்தி அடைவது ஆபத்து என்பது இதனால்தான்.

இதில் ஒரு முரண் உண்டு. லேசான தலைக்காயத்தில் யாருக்கு சிடி எடுக்க வேண்டும் என்பதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் விதிகளில் ஒன்று கனடாவில் பிறந்தது. ஒட்டாவாவைச் சேர்ந்த இயன் ஸ்டீல் குழு 2001-ல் வெளியிட்ட கனடிய சிடி தலை விதி. அடிபட்டு இரண்டு மணி நேரம் ஆகியும் நினைவுநிலை மதிப்பெண் முழு 15-க்கு (இந்த 15-ஐக் கீழே பார்ப்போம்) வரவில்லை என்றால் ஸ்கேன். மண்டையோடு உடைந்த சந்தேகம், இரண்டு தடவையோ அதற்கு மேலோ வாந்தி, வயது 65 அல்லது அதற்கு மேல் என்றாலும் ஸ்கேன். ஆனால் இந்த விதியே மயங்கியவர்கள், நடந்ததை மறந்தவர்கள், குழம்பியவர்கள் ஆகியோருக்குத்தான் பொருந்தும். பகல் 1 மணிக்கு அந்த மலையடிவாரத்தில் விதியை நீட்டியிருந்தால், அது ரிச்சர்ட்சனைத் தொட்டிருக்கவே செய்யாது. விதிகளை மட்டும் கையில் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

15 என்பது எதற்கு 15?

ஜிசிஎஸ் என்று எல்லோரும் சொல்லும் கிளாஸ்கோ கோமா அளவுகோல் 1974-ல் வந்தது. கிளாஸ்கோவின் நரம்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் இருவரும் லான்செட் இதழில் எழுதினார்கள். அதற்கு முன் கேஸ் ஷீட்டில் ‘அரை மயக்கம்’, ‘ஆழ்ந்த மயக்கம்’, ‘மந்தம்’ என்று அவரவர் இஷ்டத்துக்கு எழுதிவந்தார்கள். காலை டியூட்டி டாக்டரின் மந்தம் இரவு டியூட்டி டாக்டருக்கு அரை மயக்கம். நோயாளி மோசமாகிவிட்டாரா, டாக்டர் மாறிவிட்டாரா என்று கண்டுபிடிக்க வழியில்லை. அதைத் தீர்க்கத்தான் மூன்று விஷயங்களைத் தனித்தனியே பார்க்கச் சொன்னார்கள்: கண் திறப்பு 4, பேச்சு 5, கைகால் அசைவு 6. முதலில் அசைவுக்கு ஐந்து படிகள்தான் இருந்தன, ஆறாவது பின்னால் சேர்ந்தது. மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வது அவர்களுடைய முதல் நோக்கமும் இல்லை. படுக்கையருகே நர்ஸ் ஒரு வரைபடத்தில் மணிக்கு மணி புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும் என்பதுதான் யோசனை. ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

நம் கேஷுவாலிட்டிகளில் ‘ஜிசிஎஸ் 10’ என்று மட்டும் எழுதி அனுப்புவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரலாறு ஞாபகம் வரும். கூப்பிட்டால் கண் திறந்து, புரியாத சத்தம் மட்டும் போட்டு, வலிக்கும் இடத்துக்குக் கையைக் கொண்டுபோகிறவருக்கும் 3, 2, 5 என்று 10 வரும். கண்ணைத் தானாகவே திறந்து வைத்து, ஒரு சத்தமும் இல்லாமல், வலிக்கும் இடத்தைக் கையால் தேடுகிறவருக்கும் 4, 1, 5 என்று அதே 10. இரண்டு பேரும் ஒன்றா? பேச்சு மையத்தில் அடிபட்டவராக இரண்டாமவர் இருக்கலாம். முதலாமவர் இறங்கிக்கொண்டிருப்பவராக இருக்கலாம். கூட்டலை எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, பக்கத்திலேயே மூன்றையும் பிரித்து எழுதுங்கள்.

பேச்சைச் சோதிப்பதில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். 5 கொடுக்க வேண்டுமானால் ஆள் தன் பெயர், இருக்கும் இடம், என்ன மாதம் என்று சரியாகச் சொல்ல வேண்டும். ‘நல்லா இருக்கேன், வீட்டுக்குப் போகணும்’ என்பது முழு வாக்கியம்தான், ஆனால் அது கேள்விக்குப் பதில் இல்லை. அப்படிப் பேசுகிறவர் 4-ல் இருக்கலாம். இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. ‘ஐயா, இப்ப எங்க இருக்கீங்க?’ என்று கேட்டு முடிப்பதற்குள் கூட வந்த மச்சான் ‘ஜிஎச்சுல மாமா’ என்று எடுத்துக்கொடுத்துவிடுவார். மாமாவும் ‘ஆமா, ஜிஎச்சு’ என்பார். ஷீட்டில் 5 விழுந்துவிடும். அட்டெண்டரை இரண்டு நிமிடம் வெளியே நிற்கச் சொல்லுங்கள், அல்லது அவருக்குத் தெரியாத ஒன்றைக் கேளுங்கள்.

கூப்பிட்டால் அசையாதவரிடம் வலி கொடுத்துப் பார்ப்பதும் அப்படித்தான். நெஞ்செலும்பில் முட்டியை வைத்துத் தேய்ப்பது இன்னும் பழக்கமாக இருக்கிறது. தோல் உரிந்துபோன நோயாளிகளை வார்டில் பார்த்திருக்கிறேன். 2014-ல் டீஸ்டேல் குழு வெளியிட்ட திருத்தப்பட்ட முறை அதை விட்டுவிடச் சொல்கிறது. விரல் நகத்தின் நுனியில் பேனாவை வைத்து அழுத்துவது, கழுத்தோரத் தோள் தசையைக் கிள்ளுவது, புருவ எலும்பின் உள்முனைக் குழியில் கட்டைவிரலால் அழுத்துவது, இவைதான் இப்போதைய வழி. மேலே இருந்து அழுத்தும்போது கை காறையெலும்பைத் தாண்டி அந்த இடத்துக்கு வந்தால் 5. முழங்கை மடங்கி உடம்பை விட்டு விலகினால் 4. கை மெதுவாக நெஞ்சின் குறுக்கே வளைந்து விறைத்தால் 3. முழங்கை நேராக நீண்டு விறைத்தால் 2. முகம் வீங்கிக் கண் மூடியிருந்தால், மூச்சுக்குக் குழாய் போட்டிருந்தால், அந்தப் பகுதிக்கு 1 போடக் கூடாது, சோதிக்க முடியவில்லை என்று எழுத வேண்டும். 1 என்றால் முயன்று பார்த்தோம், எதுவும் வரவில்லை என்று அர்த்தம். அந்த வித்தியாசம் தெரியாமல் எழுதிய எண்ணை நம்பி நியூரோ சர்ஜன் ஒரு முடிவு எடுத்துவிடுவார்.

இரண்டு மணி நேரப் புள்ளி

மான்ட் ட்ரம்ப்ளாண்டுக்குத் திரும்புவோம். விழுந்தது 12:43-க்குச் சற்று முன்பு என்றால், இரண்டு மணி நேரப் புள்ளி 2:40 வாக்கில் விழுகிறது. கனடிய விதியிலும் சரி, பிரிட்டனின் மருத்துவத் தர அமைப்பான நைஸ் தரும் வழிகாட்டியிலும் சரி, அந்த இரண்டாவது மணி முக்கியமான இடம். அப்போதும் 15 வரவில்லை என்றால் ஸ்கேன், பேச்சே கிடையாது. நைஸ் இன்னும் ஒரு படி மேலே போய், 15 இருந்தால்கூட முதல் இரண்டு மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, அடுத்த நான்கு மணி நேரம் மணிக்கு ஒருமுறை, பிறகு இரண்டு மணிக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறது. ஒரே ஒரு புள்ளி குறைந்து அரை மணி நேரம் அப்படியே நின்றாலும், அதிலும் அசைவில் குறைந்தால், டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

மருத்துவமனைக்குள் இருக்கும் ஒருவருக்கு இந்த அட்டவணைப்படி 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் நான்கைந்து புள்ளிகள் விழுந்திருக்கும். ஓட்டல் அறையில் ஒரு புள்ளியும் இல்லை. தலைவலி வந்த நேரம், பேச்சு மந்தமான நேரம், தூக்கம் சொக்கிய நேரம் எதற்கும் பதிவு இல்லை. இரண்டாவது தடவை வந்த பாராமெடிக்குகளிடம் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. முதல் தடவை வந்தவர்கள் பத்து நிமிடம் ஒதுக்கி ‘1:05, ஜிசிஎஸ் 4-5-6, இரண்டு கண்மணிகளும் சமம், நாடித்துடிப்பு இவ்வளவு’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தால், மூன்று மணிக்கு 14 இருந்தாலே அது எச்சரிக்கை மணி. அந்த முதல் எண் இல்லாதபோது 14 என்பது ‘கொஞ்சம் சோர்வாக இருக்கிறார்’ என்பதைப் போலத்தான் தெரியும்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 1 மணிக்கு முழுமையாகப் பார்த்திருந்தாலும் அவர் மருத்துவமனைக்கு வர மறுத்திருக்கலாம். வயது வந்த, தெளிவாகப் பேசும் ஒருவரைக் கட்டாயப்படுத்தித் தூக்கிப்போக முடியாது. முதல் பாராமெடிக்குகள் மீது பழி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ‘வேண்டாம்’ என்று சொன்னவர் நோயாளியா, பக்கத்தில் நின்றவரா என்று உறுதி செய்துகொள்ளாமல் வண்டியைத் திருப்பும் நடைமுறை மீதுதான் எனக்குப் புகார். சிகிச்சை வேண்டாம் என்று சொல்லும் உரிமை தெளிவான மனதுக்கு உண்டு. மனம் தெளிவாக இருக்கிறதா என்பதைத்தான் அந்தப் பத்து நிமிடத்தில் சோதிக்க வேண்டும். தலையில் அடிபட்டவர் சொல்லும் ‘எனக்கு ஒண்ணுமில்லை’ என்பதும் சோதனைக்கு உட்பட்ட ஒரு பதில்தான்.

‘நினைவோடு இருந்தார்’ என்ற இன்னொரு நிகழ்வு

இதே வரியை எடுத்துக்கொண்டு 2013 டிசம்பர் 29-க்குப் போகலாம். பிரான்சின் மெரிபெல் பனிமலையில் கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் காலை 11 மணி வாக்கில் விழுந்து பாறையில் தலை மோதினார். ஹெல்மெட் போட்டிருந்தார். அன்று முதலில் வந்த செய்தி, அந்த மலை விடுதியின் இயக்குநர் சொன்னது: அதிர்ச்சியில் இருந்தார், ஆனால் நினைவோடு இருந்தார். ரசிகர்கள் நிம்மதி அடைந்தார்கள். கிரெனோபிள் மருத்துவமனை நியூரோ சர்ஜன் ஸ்டெஃபான் ஷபார்டே பின்னால் சொன்னது வேறு மாதிரி. மீட்கப்பட்டபோதே அவர் இயல்பான நிலையில் இல்லை. கொந்தளிப்பாக இருந்தார், கைகால்கள் தன்போக்கில் அசைந்தன, கேள்விகளுக்குப் பதில் வரவில்லை. சீக்கிரமே கோமாவுக்குப் போனார். ஹெலிகாப்டரில் மூட்டியே, அங்கிருந்து கிரெனோபிள். வந்தபோது கோமா, உடனே அறுவை.

இயக்குநர் பொய் சொல்லவில்லை. கண் திறந்திருந்தது, உடம்பு அசைந்தது, பார்ப்பவருக்கு அது நினைவுதான். மருத்துவர் கண்ணுக்கு அது பேச்சில் 5 இல்லாத, சொன்னதைச் செய்யாத, அசைவில் 6 இல்லாத ஒருவர். ஒரே ஆள், ஒரே நிமிடம், இரண்டு முடிவுகள். மலையில் இருப்பவர்களுக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையா என்றால், தேவையில்லை. விழிப்பாக இருக்கிறாரா, குரலுக்கு விழிக்கிறாரா, வலிக்கு மட்டும் அசைகிறாரா, எதற்குமே அசைவில்லையா என்ற நாலு படிச் சோதனை முதலுதவியாளர்களுக்குப் போதும். கூடவே ‘புதிதாகக் குழப்பம் இருக்கிறதா’ என்ற ஐந்தாவது கேள்வியையும் இப்போது பல இடங்களில் சேர்த்திருக்கிறார்கள். கொந்தளிப்பும் முரண்டும் அந்த ஐந்தாவது கேள்விக்குள் வரும். நம் ஊரில் இரவு பத்து மணிக்கு மேல் பைக்கிலிருந்து விழுந்து வருகிறவர் கத்தி ரகளை செய்தால் முதலில் வாயை முகர்ந்துதான் பார்க்கிறோம். வாடை வந்தால் ‘தெளியட்டும்’ என்று ஸ்ட்ரெச்சரை ஓரமாகத் தள்ளிவிடுகிறோம். குடித்தவர் மூளையிலும் ரத்தம் கட்டும். சர்க்கரை அளவையும் ஆக்ஸிஜனையும் பார்த்துவிட்டு, தலைக்காயம் என்றே வைத்துக்கொண்டு அரை மணிக்கு ஒருமுறை எண் எழுதுவதுதான் சரி. சாராயம் இறங்க இறங்க எண் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் சிடி அறைக்குப் போக வேண்டும்.

ஷூமாக்கர் நிகழ்வில் நேரம் வீணாகவில்லை. ஹெலிகாப்டர் இருந்தது, பல்கலைக்கழக மருத்துவமனை பறக்கும் தூரத்தில் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் நியூரோ சர்ஜனின் கையில் இருந்தார். கியூபெக்கில் அன்று மருத்துவ ஹெலிகாப்டர் சேவை கிடையாது. மெக்கில் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் விபத்துச் சிகிச்சைத் தலைவர் தாரெக் ராசெக் அப்போதே இந்தக் குறையை வெளிப்படையாகச் சொன்னார். மான்ட்ரியாலிலிருந்து மலை சுமார் 130 கிலோமீட்டர், மிக அருகில் இருந்த விபத்துச் சிகிச்சை மையமே நகரத்தில்தான்.

மருத்துவமனை வாசலில்

விழுந்து மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் ரிச்சர்ட்சன் ஒரு மருத்துவமனை வாசலைத் தொட்டார். அந்தக் கட்டத்தில் எபிடியூரல் நோயாளி ஒருவரிடம் என்ன பார்ப்பார்கள்? மறுபடி ஜிசிஎஸ், ஆனால் ஆம்புலன்ஸ் எண்ணைப் பார்த்துக் காப்பியடித்து அல்ல, புதிதாக. மூச்சுப்பாதை, ரத்த அழுத்தம் சரிசெய்த பிறகு எடுக்கும் எண்தான் முன்கணிப்புக்கு நம்பகமானது. ஏனென்றால் ஆக்ஸிஜனும் ரத்தமும் குறைந்தால் அடிபடாத மூளையும் மந்தமாகும். பிறகு டார்ச். ஒரு பக்கக் கண்மணி விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நின்றால், மூளையின் பொட்டுப் பக்க மடல் உள்நோக்கிப் பிதுங்கி, கண்மணியைச் சுருக்கும் மூன்றாவது கபால நரம்பை நசுக்குகிறது என்று பொருள். பெரும்பாலும் ரத்தக்கட்டு இருக்கும் அதே பக்கம்தான் விரியும். நாடித்துடிப்பு இறங்கி ரத்த அழுத்தம் ஏறி மூச்சு தாறுமாறானால் இன்னும் தாமதம். குஷிங் மூவடையாளம் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருப்போம். நோயாளியிடம் அது வரும்வரை காத்திருந்தவர்கள் பெரும்பாலும் தோற்றிருப்பார்கள்.

8 அல்லது அதற்குக் கீழே போனால் குழாய் போடு என்று எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு முன் அரை நிமிடம் செலவழித்து ஜிசிஎஸ்ஸும் கண்மணியும் எழுதுவதுதான் மறந்துபோகிறது. தூக்க மருந்தும் தசை தளர்த்தியும் போன பிறகு அடுத்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டு மருத்துவமனைகள் மாறும் நோயாளிக்கு, மயக்க மருந்துக்கு முந்தைய அந்தக் கடைசி எண்தான் அறுவை மேஜையில் பேசப்படும். கண்மணியையும் சேர்த்துக் கணக்கிட 2018-ல் ஒரு எளிய வழி வந்தது. ஜிசிஎஸ்ஸிலிருந்து வெளிச்சத்துக்கு அசையாத கண்மணிகளின் எண்ணிக்கையைக் கழித்துவிடுவது. 3 எடுத்து இரண்டு கண்மணிகளும் அசையாதவருக்கு 1. குழாய் போட்டவர்களுக்கு, பேச்சைச் சோதிக்காத ‘ஃபோர்’ (FOUR) என்ற அளவுகோல் மேயோ கிளினிக்கிலிருந்து 2005-லேயே வந்திருக்கிறது, ஆனால் நம் பக்கம் அது ஐசியுவைத் தாண்டி வரவில்லை.

30 மில்லிலிட்டருக்கு மேல் எபிடியூரல் ரத்தம் இருந்தால் ஜிசிஎஸ் எவ்வளவு இருந்தாலும் அறுவை செய்து எடுக்கச் சொல்கிறது 2006-ல் வந்த அறுவை வழிகாட்டி. ஜிசிஎஸ் 9-க்குக் கீழே, கண்மணி சமமில்லை என்றால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். எபிடியூரலில் மூளை பெரும்பாலும் அதிகம் அடிபடாமல் இருக்கும், அழுத்தம்தான் கொல்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே ரத்தக்கட்டை எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்கள் வீட்டுக்கு நடந்து போவார்கள். அதனால்தான் இந்த நோயில் தாமதம் இவ்வளவு உறுத்துகிறது.

பேசிவிட்டு இறந்தவர்கள்

ஜிசிஎஸ் வந்த அடுத்த ஆண்டே, 1975-ல், கிளாஸ்கோ குழு லான்செட்டில் இன்னொரு கட்டுரை எழுதியது. தலைக்காயத்துக்குப் பிறகு ஒருமுறையாவது பேசிவிட்டு இறந்தவர்களைப் பற்றியது. பேசினார் என்றால், அடிபட்ட அந்த நொடியில் மூளை மீள முடியாத அளவுக்குச் சேதமாகவில்லை. அப்படியானால் அவரைக் கொன்றது பின்னால் வந்த ஏதோ ஒன்று. 1977-ல் ஜென்னட்டும் சகாக்களும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அப்படிப்பட்ட 116 பேரை ஆராய்ந்தார்கள். 86 பேரிடம், அதாவது 74 சதவீதத்தினரிடம், தவிர்த்திருக்கக்கூடிய காரணம் ஒன்றாவது இருந்தது. அதில் அதிகம் இருந்தது மண்டைக்குள் கட்டிய ரத்தத்துக்குச் சிகிச்சை தாமதமானது. அந்தக் காலத்தில் சிடி ஸ்கேன் எல்லா ஊரிலும் இல்லை, இன்று இருக்கிறது. ஆனாலும் ஸ்கேன் மேஜைக்கு ஒருவரை அனுப்புவது இன்னும் அந்த இரண்டாவது எண்தான்.

ரிச்சர்ட்சன் இறந்த செய்தி தொலைக்காட்சியில் ஓடிய அதே வாரம், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு குடும்பம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் முன்னால் அவர்களுடைய 7 வயது மகளுக்குத் தலையில் பேஸ்பால் பட்டிருந்தது. வீங்கியது, ஐஸ் வைத்தார்கள், வற்றிவிட்டது, குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாள். அன்றிரவு தலைவலி என்றாள். செய்தியைப் பார்த்த பெற்றோர் நேராக அவசர சிகிச்சைக்குத் தூக்கிப்போனார்கள். சிடியில் எபிடியூரல் ரத்தக்கட்டு. கிளீவ்லாந்துக் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஹெலிகாப்டரில் கொண்டுபோய் அறுவை செய்தார்கள், பிழைத்தாள்.

அந்தப் பெற்றோருக்கு ஜிசிஎஸ் தெரியாது. இரண்டு நாள் முன்னால் குழந்தை எப்படி இருந்தாள், இப்போது எப்படி இருக்கிறாள் என்பது தெரியும், அது போதுமானதாக இருந்தது. வர மறுத்தவர்களை வீட்டுக்கு அனுப்பும்போது நாம் கொடுக்கும் துண்டுச் சீட்டில் ‘தொந்தரவு இருந்தால் வரவும்’ என்று அச்சடிப்பதை விட்டுவிட்டு இதைத்தான் எழுத வேண்டும். இன்றைக்கு ஒருவர் கூடவே இருக்கட்டும். தூங்கினாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பி, பெயரும் இடமும் கேளுங்கள். தலைவலி கூடினால், வாந்தி வந்தால், பதில் சொல்ல முன்னைவிட நேரம் எடுத்தால், ஒரு பக்கக் கையோ காலோ தளர்ந்தால், வலிப்பு வந்தால், காலை வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சீட்டின் மேல் மூலையில், அனுப்பும் நேரத்து ஜிசிஎஸ் மூன்று எண்ணாகவும் பக்கத்தில் மணியும் எழுதியிருக்க வேண்டும். அடுத்து பார்க்கப்போகிறவர் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் இருப்பார் என்று நமக்குத் தெரியாது.